வாரக்கடைசி ரைடுக்கு ஒரு பழைய பைக்: 1 லட்சத்துக்குள்ள எது நிக்காம ஓடும்?

செங்கத்தான் | வெள்ளி, இரவு 10:40

வணக்கம் மக்களே. மூணு வருஷமா படிச்சிட்டு மட்டும் போற ஆளு, இன்னிக்குத்தான் முதல் தடவையா எழுதறேன்.

பெங்களூரு பொம்மனஹள்ளியில வீடு, எலெக்ட்ரானிக் சிட்டியில வேலை, சொந்த ஊர் திருவண்ணாமலை பக்கம் செங்கம். கையில இருக்கறது ஒரு 110 சிசி ஸ்கூட்டர். போன பொங்கலுக்கு வீறாப்பா அதுலயே ஊருக்குப் போனேன். கிருஷ்ணகிரி தாண்டி ஊத்தங்கரை வர்றதுக்குள்ளயே இடுப்பு கழண்டுடுச்சு. திரும்பும்போது ஸ்கூட்டரை பஸ் மேல ஏத்த எவ்வளவுன்னு நிஜமாவே விசாரிச்சேன்.

மாசத்துல ரெண்டு வாரக்கடைசி எங்கயாவது போகணும். ஏலகிரி, ஏற்காடு, லேபாக்‌ஷி, சக்லேஷ்பூர் இந்த மாதிரி. பண்டிகைக்கு ஊரு. பாதி நேரம் மனைவியும் பின்னாடி உட்காருவாங்க. என் உயரம் 5 அடி 5 அங்குலம். கையில 1 லட்சம், பேர் மாத்தற செலவு இன்சூரன்ஸ் எல்லாம் அதுக்குள்ள. லோன் போடறதா இல்ல.

மனசுல இருக்கறது ஹிமாலயன் 411. ஆபீஸ்ல ஒருத்தர் டோமினார் 400ங்கறார். மச்சானுக்கு கிளாசிக் 350 தவிர வேற எதுவும் வண்டியே இல்ல. எனக்கு வேணும்ங்கறது ஒண்ணுதான்: வழியில நிக்கக் கூடாது.


டக்டக் மாமா | வெள்ளி, இரவு 11:05

மச்சான் பேச்சைக் கேளு தம்பி. பொண்ணு குடுத்த வீட்டுக்காரன் தப்பா சொல்ல மாட்டான்.

கிளாசிக்ல 70ல உருட்டிட்டுப் போ, செங்கம் வரைக்கும் இளையராஜா கேட்டுக்கிட்டே போலாம். எந்த ஊர்லயும் மெக்கானிக் கிடைப்பான். வாணியம்பாடியிலயும் கிடைப்பான், வாலாஜாவுலயும் கிடைப்பான்.


கியர் அஞ்சு | சனி, காலை 7:12

மாமா, எந்த ஊர்லயும் மெக்கானிக் கிடைக்கணும்னு ஏன் தோணுதுன்னு முதல்ல யோசிங்க. :)

செங்கத்தான், முதல்ல காசுக் கணக்கு. மொத்தமே 1 லட்சம்னா வண்டியோட விலை 80 ஆயிரத்துல நிக்கணும். பழைய வண்டி எதுவா இருந்தாலும் வாங்கின மாசமே 10, 15 ஆயிரம் சாப்பிடும். டயர், பேட்டரி, செயின், ஆயில். இதை ஒதுக்காம முழுக் காசையும் வண்டி மேல போட்டவங்கதான் ரெண்டாவது மாசம் 'ஏமாந்துட்டேன்'னு இங்க வந்து எழுதறாங்க.

ரெண்டாவது, வருஷம். 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வித்த 125 சிசிக்கு மேல உள்ள எல்லா வண்டியிலயும் ஏபிஎஸ், அதாவது திடீர்னு பிரேக் அடிச்சா சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கற அமைப்பு, கட்டாயம். மழையில ஓசூர் ரோட்டுல ஒரு தடவை லாரிக்குப் பின்னாடி திடீர்னு பிரேக் அடிச்சவங்களுக்கு அதோட அருமை தெரியும். நான் உன் இடத்துல இருந்தா அதுக்கு முந்தின வண்டியைப் பார்க்கக்கூட போக மாட்டேன். 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6ங்கற புதுப் புகை விதி வந்துச்சு. அந்த வண்டிங்க உன் காசுக்கு எட்டறது கஷ்டம்.

இப்ப மாடல். ஹிமாலயன் அருமையான வண்டி, 15 லிட்டர் டேங்க், முன்னாடி 21 இஞ்ச் சக்கரம், கல்லு மண்ணு எதுவும் பார்க்காது. ஆனா 190 கிலோவுக்கு மேல எடை, உன் காசுக்கு மூணு கை மாறினதுதான் கிடைக்கும். டோமினாரும் கனம்தான், ஆனா நெடுஞ்சாலையில பறக்கும். நீ போற ரோட்டைப் பாரு: 44ஆம் நம்பர் நெடுஞ்சாலை, அப்புறம் நல்ல தார் போட்ட மலைப்பாதை. இதுக்கு பல்சர் 220 எஃப், அவெஞ்சர் 220, எஃப்.இசட். 25, ஜிக்ஸர் 250 இதுல எது சுத்தமா கிடைக்குதோ அது போதும்.

இன்சூரன்ஸ்லயும் வித்தியாசம் இருக்கு. 2022 ஜூன்ல நிர்ணயிச்ச கட்டணப்படி மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கு) 150லேர்ந்து 350 சிசி வரைக்கும் வருஷத்துக்கு 1,366 ரூபாய், அதுக்கு மேல போனா 2,804. ஜிஎஸ்டி தனி.

இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22லேர்ந்து 350 சிசி வரைக்கும் புது வண்டிக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 சதவீதமா குறைஞ்சுது. புதுசோட விலை இறங்கினா பழசும் இறங்கணும்ல? விக்கறவங்க பழைய விலையைத்தான் சொல்வாங்க. இதை நீதான் எடுத்துச் சொல்லணும்.


பின்சீட்டு ராணி | சனி, காலை 9:30

எல்லாரும் ஓட்டறவரைப் பத்தியே பேசறீங்க. பின்னாடி உட்கார்றவங்களை யாராவது கேட்டீங்களா?

ஆறு வருஷம் பின்சீட்டுல உட்கார்ந்து சிக்மகளூர், குடகு எல்லாம் போனவ நான். இப்ப சொந்தமா ஓட்டறேன், பேரை மட்டும் மாத்தல. பின்சீட்டு உயரமா, சின்னதா, முன்னாடி சரியற மாதிரி இருந்தா ஒவ்வொரு பிரேக்குக்கும் ஓட்டறவர் முதுகுல போய் மோதணும். 80 கிலோமீட்டர் வரைக்கும் சிரிப்பா இருக்கும், அப்புறம் சண்டைதான். பின்னாடி பிடிச்சுக்கற கம்பி, கிராப் ரெயில், கைக்கு எட்டுதா, கால் வைக்கற இடத்துல சைலன்சர் சுடுதா, இதெல்லாம் அவங்கதான் சொல்ல முடியும். அவங்களைக் கூட்டிட்டுப் போய் உட்கார வச்சு பன்னேர்கட்டா ரோட்டுல ஜிகணி வரைக்கும் ஓட்டிப் பாருங்க. தெருமுனை வரைக்கும் போய்ட்டு வர்றதுக்குப் பேர் டெஸ்ட் ரைடு இல்ல.

உயரம் பத்தி: ஹிமாலயன் சீட் 800 மில்லிமீட்டர், எஃப்.இசட். 25ம் கிட்டத்தட்ட அதேதான், 795. காகிதத்துல ஒண்ணுதான். ஆனா ஒண்ணு 190 கிலோ, இன்னொண்ணு 150 கிலோவைச் சுத்தி. பொம்மனஹள்ளி அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் சரிவுல, பின்னாடி ஆளை வச்சுக்கிட்டு, ஒரு கால் நுனிவிரல்ல நின்னு பாருங்க, அந்த 40 கிலோ என்னன்னு புரியும். நான் விழுந்திருக்கேன். நின்ன இடத்துலயே, வாட்ச்மேன் பார்க்க.

அவெஞ்சர் சீட் 737தான், ரெண்டு பேருக்கும் சொகுசு. வளைவுல சாய்க்கறதுதான் கொஞ்சம் சோம்பேறித்தனமா இருக்கும்.


டக்டக் மாமா | சனி, காலை 9:41

நின்ன இடத்துல விழறது ஒரு கலைம்மா. நான் எங்க ஏரியா பெட்ரோல் பங்க்லயே ரெண்டு தடவை.


செங்கத்தான் | சனி, காலை 11:15

ராணி அக்கா, மனைவி உங்க பதிவைப் படிச்சிட்டு 'இவங்கதான் சரியா பேசறாங்க'ன்னாங்க. ஹிமாலயன் ஆசை பாதி போச்சு, மீதிப் பாதி இருக்கு.

வண்டியைப் பார்க்கப் போனா என்ன பார்க்கணும்? எனக்குத் தெரிஞ்சது ஸ்டார்ட் பண்ணி 'சவுண்டு நல்லாருக்கு'ன்னு தலையாட்டறது மட்டும்தான்.


அல்சூர் அண்ணாச்சி | சனி, இரவு 9:50

தம்பி, கடையை இப்பத்தான் சாத்துனேன். 26 வருசமா அல்சூர்ல ரெஞ்ச் புடிக்கேன். சொல்லுதேன், நிதானமாப் படிங்க.

போறதுக்கு முன்னாடி போன்ல ஒண்ணு சொல்லிருங்க: 'நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க'ன்னு. போனதும் வணக்கம் சொல்லுதுக்கு முன்னாடி இன்ஜின் மேல கைய வையுங்க. சூடா இருந்தா அந்தாளு ஏதோ மறைக்கான். காலையில சில்லுன்னு கெடக்குற இன்ஜின்தான் உண்மையப் பேசும். சூடேறிட்டா எல்லா இன்ஜினும் நல்ல புள்ளதான்.

கார்புரேட்டர் இல்லாம ஃபியூயல் இன்ஜெக்ஷன் உள்ள வண்டின்னா, சாவியப் போட்டதும் மீட்டர்ல இன்ஜின் படம் போட்ட மஞ்ச லைட்டு எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரிஞ்சுக்கிட்டே இருந்தா கோளாறு, அது எல்லாருக்கும் தெரியும். சாவி போட்டும் எரியவே இல்லைன்னா அதவிட மோசம், லைட்டையே புடுங்கிருப்பான். ஏபிஎஸ் லைட்டும் அப்படித்தான், சாவி போட்டதும் எரியும், வண்டி கொஞ்ச தூரம் உருண்டப்புறந்தான் அணையும்.

புகை. காலையில லேசா வெள்ளையா ஆவி வந்தா பயப்படாதீங்க, பெங்களூரு குளிருக்கு அப்படித்தான். நீலமா வந்தா ஆயில் எரியுது. முறுக்கும்போது நீலம்னா பிஸ்டன் ரிங்கு, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு அப்புறம் முறுக்கும்போது மட்டும் குப்புன்னு நீலம்னா வால்வு சீலு. ரெண்டுமே இன்ஜினப் பிரிக்கிற வேலை. கருப்பா வந்தா பெட்ரோல் அதிகமாப் போவுது, அதச் சரி பண்ணிரலாம்.

ஆயில் பாக்குற கண்ணாடி வழியாப் பாருங்க. கருப்பா இருந்தாப் பரவால்ல. பால் காப்பி நெறத்துல இருந்தா தண்ணி எறங்கிருக்கு, அப்பமே கெளம்பிருங்க.

எல்லாரும் கோட்ட விடுற எடம் ஒண்ணு இருக்கு. ஹேண்டில் பாரை முழுசா ஒரு பக்கம் திருப்புனா அது போயி முட்டி நிக்கும்லா, அங்க ஃபிரேம் தலையில சின்னதா ஒரு இரும்பு மொட்டு இருக்கும், ரெண்டு பக்கமும். ஸ்டாப்பர்னு சொல்லுவோம். டார்ச் அடிச்சுப் பாருங்க. வண்டி முன்பக்கமா மோதியிருந்தா அந்த மொட்டு நசுங்கியிருக்கும், இல்லன்னா அந்த எடத்துல மட்டும் பெயிண்டு புதுசா இருக்கும். டேங்கு மாத்தலாம், ஹெட்லைட்டு மாத்தலாம், ஃபைபர் பூராவும் மாத்தலாம். அந்த மொட்ட யாரும் மாத்த மாட்டான், அங்க பாக்கணும்னே நெறையப் பேருக்குத் தெரியாது.

ஹேண்டில மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்க. நடுவுல வரும்போது ஒரு பள்ளத்துல விழுந்த மாதிரி 'டக்'குன்னு நின்னா கோன்செட்டு, அதான் ஹேண்டில் திரும்புற பேரிங்கு, போச்சு. முன் சக்கரத்தப் புடிச்சிருக்குற ஃபோர்க் கம்பியில விரல ஓட்டுங்க, எண்ணெய் ஒட்டுனா ஆயில் சீல். இது ரெண்டும் சின்ன வேலைதான், வெலையக் கொறைக்க ஒதவும்.

செயின பின் ஸ்ப்ராக்கெட்டு, அதான் பின் பல் சக்கரம், பின்பக்கமா இழுத்துப் பாருங்க. பாதிப் பல்லு வெளிய தெரிஞ்சா செட்டோட மாத்தணும். டயர்ல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சது. டயர் பட்டன் தேயாம நெறைய இருக்கேன்னு ஏமாறாதீங்க, அஞ்சாறு வருசத்துல ரப்பர் காஞ்சு கட்டையாயிரும்.

ஓட்டும்போது நாலாவது கியர்ல மெதுவாப் போயி சட்டுனு முறுக்குங்க. சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறலன்னா கிளட்ச் பிளேட்டு தேஞ்சிருக்கு.

எந்தக் கம்பெனி வண்டின்னு கேட்டியள்னா, நான் கம்பெனியப் பாக்க மாட்டேன், ஓனர் மூஞ்சியத்தான் பாப்பேன்.


மழைக்கோட்டு | ஞாயிறு, காலை 8:20

அண்ணாச்சி சொன்ன பால் காப்பியை நான் காசு கொடுத்துக் குடிச்சவன்.

2022 செப்டம்பர்ல பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு பக்கம் வெள்ளம் வந்துச்சே, பேஸ்மெண்ட் எல்லாம் முங்கிச்சே, அது முடிஞ்சு மூணு மாசத்துல ஒரு டீலர்கிட்ட பளபளன்னு ஒரு வண்டி பார்த்தேன். விலை மத்த இடத்தை விட 15 ஆயிரம் கம்மி. பேரம் பேசி ஜெயிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டேன். நாலு மாசம் கழிச்சு ஒயரிங் ஒவ்வொண்ணா பல்லிளிக்க ஆரம்பிச்சுது. ஒரு நாள் ஹாரன், ஒரு நாள் இண்டிகேட்டர், ஒரு நாள் ஹொசகோட்டே தாண்டி மொத்தமா இருட்டு. மெக்கானிக் ஹெட்லைட்டைக் கழட்டினா உள்ள கனெக்டர்ல காய்ஞ்ச சேறு. சீட்டைத் தூக்கிப் பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும், பேட்டரிப் பெட்டி மூலையிலயும் அதே சேறு.

அதனால சீட்டைத் தூக்குங்க. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடிங்க. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கா ஓடாம நின்ன வண்டின்னா டேங்க் அடியில துரு கட்டியிருக்கும்.

ஆனா ஒண்ணு அண்ணாச்சி, இவ்வளவும் பார்த்தா எந்த வண்டியும் தேறாது.


அல்சூர் அண்ணாச்சி | ஞாயிறு, காலை 8:55

தேறும். எல்லாம் சரியா இருக்குற வண்டியத் தேடச் சொல்லல. என்ன கோளாறுன்னு தெரிஞ்சு வாங்கச் சொல்லுதேன்.


ஃபார்ம் 30 | ஞாயிறு, பகல் 12:10

வண்டியைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். காகிதத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பிடித்த பாடம், சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி எண் கிடைத்ததும், நேரில் போவதற்கு முன்பே, அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, வங்கிக் கடன் நிலுவையில் உள்ளதா என்பதெல்லாம் தெரியும். கடன் கட்டி முடித்துவிட்டேன் என்று விற்பவர் வாயால் சொன்னால் போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும், பதிவிலிருந்து கடனை நீக்கும் ஃபார்ம் 35ம் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது போக்குவரத்து அபராதம். பெங்களூரில் சிக்னல் கேமராக்கள் சும்மா இருப்பதில்லை. 2023 பிப்ரவரியிலும் பிறகு 2025லும் பாதி கட்டினால் போதும் என்று அரசு சலுகை கொடுத்தது, அப்போதும் கட்டாதவர்கள் ஏராளம். நிலுவையைப் பார்த்து, விற்பவரைக் கட்ட வைத்து, அதன் பிறகு பணம் கொடுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, ஃபார்ம் 30. ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், பதிந்த மொபைலுக்கு ஓடிபி வரும். அந்த எண் இப்போது அவரிடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். நண்பர் ஒருவருக்கு இந்த ஒரு விஷயத்தில் இரண்டு மாதம் போனது. அதே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள். 'கையெழுத்துப் போட்ட ஃபார்ம் தருகிறேன், மெதுவாக மாற்றிக்கொள்ளுங்கள்' என்பவரிடம் வாங்காதீர்கள். முன் ஓனரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காததற்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி, உங்களுக்கு வராது, அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல.

ஓசூர் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று டி.என். 70 பதிவெண்ணில் வாங்குவது நம்மவர்கள் வழக்கம். பெங்களூரில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். தடையில்லாச் சான்று ஃபார்ம் 28, அதற்கு மேல் கர்நாடக வாழ்நாள் வரி, அது தமிழ்நாட்டை விட அதிகம். பழைய வரியைத் திரும்பப் பெறலாம், ஆனால் அதற்கு யார் அலைவது? 8,000 மிச்சம் பிடிக்கப் போய் 12,000 விடுவீர்கள்.


செங்கத்தான் | ஞாயிறு, இரவு 11:20

அடுத்த சனி ஞாயிறு வண்டி பார்க்கப் போறேன். எல்லாத்தையும் ஒரு காகிதத்துல எழுதிக்கிட்டேன். மனைவி டார்ச் பொறுப்பு.


செங்கத்தான் | அடுத்த ஞாயிறு, இரவு 8:45

ரெண்டு வண்டி பார்த்தாச்சு.

முதல்ல ஒரு டீலர். எந்த மாடல்னு சொல்லல, மாமாவுக்கு மனசு கஷ்டமாயிடும். காலை 9 மணிக்கு வர்றேன், ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லியிருந்தேன். போய் கை வச்சேன், இட்லி குண்டான் மாதிரி சூடு. 'இப்பத்தான் சார் வாஷ் பண்ணிட்டு வந்தோம்'னாங்க. மீட்டர்ல 18,000 கிலோமீட்டர். ஆனா கால் வைக்கற ரப்பர்ல ஒரு கோடு இல்ல, வழுவழுன்னு இருந்துச்சு. டயர் 2024ல செஞ்சது. 18,000 ஓடின வண்டிக்கு ஏன் டயர் மாத்தினீங்கன்னு கேட்டேன், பதில் இல்ல.

மனைவிதான் டார்ச் அடிச்சு ஸ்டாப்பரைப் பார்த்தாங்க. வலது பக்கம் மொட்டு கூரா இருக்கு. இடது பக்கம் சப்பிப்போட்ட பிஸ்கட் மாதிரி மழுங்கி இருக்கு, மேல பளபளன்னு கருப்புப் பெயிண்ட். அந்த டீலர் பையனே குனிஞ்சு பார்த்துட்டு 'இது நமகே கொத்திரலில்லா சார்'னான். தெரியாதாம்.

ரெண்டாவது, எச்.எஸ்.ஆர். லேஅவுட்ல ஒருத்தர், வெளிநாடு போகப் போறார். ஹிமாலயன், 2018, சேலம் பதிவெண். 1.10 லட்சம் கேட்டார். வண்டியைப் பார்த்ததும் மனசு 'வாங்குடா'ன்னுச்சு. 14 மாசமா ஓடலையாம். டேங்க் உள்ள டார்ச் அடிச்சா அடியில செம்மண் நிறம். ஃபார்ம் 30 சார் எழுதினது வேற ஞாபகம் வந்துச்சு. மனைவி ஏறி உட்கார்ந்து 'சீட்டு நல்லாருக்கு, ஆனா நீங்க நிக்கற விதம் நல்லால்ல'ன்னாங்க.

திரும்பி வந்துட்டோம். வர்ற வழியில ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.


டக்டக் மாமா | ஞாயிறு, இரவு 8:58

என் மனசு கஷ்டப்படல. உன் வீட்டம்மாவுக்கு டார்ச் லைட் விருது குடுங்கப்பா.


அல்சூர் அண்ணாச்சி | ஞாயிறு, இரவு 10:15

சப்பிப்போட்ட பிஸ்கட்டு! நாளைக்கே பசங்ககிட்ட சொல்லணும். மோதுன வண்டியச் சரி பண்ணுனா ஓடாதான்னா ஓடும். ஊருக்குள்ள ஓடும். 90ல போகும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அப்பந்தான் தெரியும்.

டேங்கு துரு போக்கலாம், ஆனா ஃபியூயல் பம்பு, இன்ஜெக்டர் அது வரைக்கும் போயிருந்தா செலவு எங்க நிக்கும்னு இப்பமே சொல்ல முடியாது. அவசரப்படாதீங்க. பெங்களூருல வண்டிக்கா பஞ்சம்?


செங்கத்தான் | மூணு வாரம் கழிச்சு, சனி, மாலை 6:30

வாங்கியாச்சு. எஃப்.இசட். 25, 2019 ஆகஸ்ட், ஒரே ஓனர், 31,000 கிலோமீட்டர்.

ஜெயநகர்ல ஒரு பேங்க் ஊழியர், ஐம்பது வயசிருக்கும். காலை 7 மணிக்கு வாங்கன்னு அவரே சொன்னார். ஷெட்டுல வண்டி மேல தூசி, டேங்க் மேல பூனை நடந்து போன காலடி, ஒண்ணு ரெண்டு மூணுன்னு சீட்டு வரைக்கும். நான் இன்ஜின் மேல கை வைக்கப் போனேன், அவர் சிரிச்சுக்கிட்டே 'நேத்து சாயங்காலம் நிறுத்தினது'ன்னார். மஞ்சள் லைட் எரிஞ்சுது, அணைஞ்சுது. முதல் அமுக்குல ஸ்டார்ட் ஆகல, இன்ஜின் சோம்பலா சுத்திச்சு. ரெண்டாவதுல பிடிச்சுது. பேட்டரி வீக்குன்னு அவரே சொன்னார்.

உள்ள போய் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர் எடுத்துட்டு வந்தார். 2019லேர்ந்து ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் தேதி வாரியா. ஒவ்வொரு பில் மேலயும் பென்சில்ல கிலோமீட்டர் எழுதியிருக்கார். மூலையில மைலேஜ். அந்த ஃபோல்டரைப் பார்த்ததும் நான் வாங்கறதா முடிவு பண்ணிட்டேன், வெளியில காட்டிக்கல.

கோளாறு இல்லாம இல்ல. இடது ஃபோர்க்ல எண்ணெய் கசியுது. ரெண்டு டயரும் வண்டியோட வந்தது, 2019. ஸ்டாப்பர் ரெண்டும் கூரா இருந்துச்சு, டார்ச் ரெண்டு தடவை அடிச்சாச்சு. ஜிகணி போய்ட்டு வந்தோம். மனைவி, 'சீட்டு சுமார், ஆனா இறங்கணும்னு தோணல'ன்னாங்க.

82 கேட்டார். எனக்குத் தெரிஞ்ச கன்னடத்துல 'லாஸ்ட் ரேட் ஹேளி சார்'னேன். டயர், ஃபோர்க், பேட்டரி மூணையும் விரல் விட்டு எண்ணினேன், கியர் அஞ்சு சொன்ன ஜிஎஸ்டி விஷயத்தையும் மெதுவா விட்டேன். கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துட்டு இருந்தார். 74க்கு வந்தார். ஒரு 500 ரூபாய் அபராதம் நிலுவையில இருந்துச்சு, என் முன்னாடியே போன்ல கட்டினார். ஓடிபி எல்லாம் அன்னிக்கே முடிஞ்சுது.

செலவு: ஃபோர்க் சீல் ரெண்டு பக்கமும் ஆயிலோட 1,650. டயர் ரெண்டும் 6,900. பேட்டரி 1,450. ஆயில், ஃபில்டர் 900. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஜிஎஸ்டி சேர்த்து 1,612. பேர் மாத்தினதோட மொத்தம் 87 சொச்சம். மீதிக் காசுல ரெண்டு ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்.


கியர் அஞ்சு | சனி, மாலை 7:05

நல்ல எடுப்பு. ஆறாவது கியர் இல்லைன்னு குறை சொல்றவங்க சொல்வாங்க, காதுல போட்டுக்காத. 80, 85ல வச்சு ஓட்டு, 14 லிட்டர் டேங்க் செங்கம் போய் வர்றதுக்குத் தாராளம்.

மைசூர் பக்கம் போனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, 2023 ஆகஸ்ட் 1லேர்ந்து எக்ஸ்பிரஸ்வே நடுப்பாதையில பைக் போகக் கூடாது. சர்வீஸ் ரோடுதான், வேகத்தடை எண்ணிக்கிட்டே போகலாம்.


ஃபார்ம் 30 | சனி, இரவு 8:00

அந்த ஃபோல்டரைப் பத்திரமாக வையுங்கள். பென்சிலையும் தொடருங்கள்.


செங்கத்தான் | அடுத்த திங்கள், இரவு 9:10

முதல் ரைடு ஏலகிரி, மனைவியோட. காலை 5 மணிக்குக் கிளம்பி அத்திப்பள்ளி தாண்டறப்பவே கிழக்கு வெளுத்துடுச்சு. ஓசூர்ல தோசை. கிருஷ்ணகிரி, பர்கூர், நாட்றம்பள்ளி, பொன்னேரி. 80ல வச்சா வண்டி ஒரு சத்தமும் போடாம போகுது. மனைவி கிருஷ்ணகிரி வரைக்கும் தூங்கிட்டாங்கன்னு நினைக்கறேன், ஹெல்மெட் ரெண்டு தடவை முட்டுச்சு. மலை மேல 14 கொண்டை ஊசி வளைவு, புலவர்கள் பேர் பலகையைப் படிச்சுக்கிட்டே ஏறினோம்.

ஒரே ஒரு சந்தேகம். ஏறும்போது ரெண்டாவது கியர்ல மெதுவாப் போனா கீழேர்ந்து 'கட்... கட்... கட்'னு ஒரு சத்தம். வேகம் கூடினா சத்தமும் சேர்ந்து வேகமாகுது. மேல ஹோட்டல்ல நிறுத்தி, ரிசப்ஷன்ல ஸ்கேல் வாங்கி செயினை அளந்தேன். ஒரு இடத்துல 25 மில்லிமீட்டர் ஆடுது. சக்கரத்தைச் சுத்திவிட்டு இன்னொரு இடத்துல அளந்தா 45. நான் தப்பா அளந்தேனா?


அல்சூர் அண்ணாச்சி | திங்கள், இரவு 10:20

சரியாத்தான் அளந்திருக்கீங்க. ஒரு எடத்துல இறுக்கம், ஒரு எடத்துல தொளதொளப்புன்னா செயின் சமமா நீளல, சில கண்ணி இறுகிப்போச்சு. தொளதொளப்பா இருக்குற எடத்த வச்சு இறுக்கிராதீங்க. இறுக்கமான எடம் இன்னும் இறுகி பின் சக்கர பேரிங்கையும் சேத்துத் தின்னுரும். செயினு, ரெண்டு ஸ்ப்ராக்கெட்டு, மூணையும் செட்டா மாத்துங்க. அன்னைக்குப் பின்னாடி இழுத்துப் பாக்கலியா?


செங்கத்தான் | திங்கள், இரவு 10:31

பார்த்தேன் அண்ணாச்சி. ஒரே இடத்துல மட்டும் இழுத்துப் பார்த்தேன். அந்த இடம் இறுக்கமா இருந்திருக்கு.


அல்சூர் அண்ணாச்சி | திங்கள், இரவு 10:36

சக்கரத்தச் சுத்திச் சுத்தி நாலு எடத்துல பாக்கணும்னு நான் எழுதல. அது என் தப்பு. சனிக்கெழம ஜே.சி. ரோட்டுல ஒரிஜினல் செட்டு வாங்கிட்டு கடைக்கு வாங்க, மாட்டித் தாரேன். கூலி வேண்டாம், பழைய செயின மட்டும் குடுத்துட்டுப் போங்க. புதுப் பசங்களுக்குக் காட்டணும்.


டக்டக் மாமா | திங்கள், இரவு 10:50

சனிக்கிழமை நானும் கடைக்கு வர்றேன் அண்ணாச்சி. என் கிளாசிக்கும் ஒரு 'கட்... கட்' சொல்லுது. இத்தனை நாளா இளையராஜா பாட்டுல தாளம்னு நினைச்சிட்டிருந்தேன்.